வெள்ளைக்கு மேலே உள்ள வெளிச்சம்

பிக்சர் டியூப் மானிட்டர் மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த நாட்களில், புகைப்படம் பார்க்கக் கணினியைத் தயார்செய்வது பொறுமையான வேலை. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றுவோம். அறை விளக்கைத் தணிப்போம். பிறகு ஃபோட்டோஷாப்போடு வந்த, மானிட்டரைச் சீர்செய்யும் அடோபி காமாவைத் திறந்து, கான்ட்ராஸ்ட்டை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, பிரைட்னஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். நடுவில் உள்ள கருங்கட்டம் முழுக்க இருண்டுபோவதற்குச் சற்று முன்னால் கை நிற்க வேண்டும். நடுத்தர வெளிச்சம் எவ்வளவு இருட்டாகத் தெரியும் என்பதைச் சொல்லும் காமா எண், விண்டோஸில் 2.2, மேக்கில் 1.8. மேக்கில் பார்த்துப் பார்த்துத் திருத்திய படம் விண்டோஸில் இருண்டு கிடக்கும். 2009இல் ஸ்னோ லெப்பர்ட் வந்தபோதுதான் மேக்கும் 2.2க்கு மாறியது.

அந்த உழைப்புக்கெல்லாம் அடியில் ஓர் உடன்பாடு இருந்தது. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் முன்மொழிந்து, 1999இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபி, திரையின் வெள்ளையை 80 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்தது. அந்த வெள்ளைதான் உச்சம், எண்ணில் 255. அதற்கு மேல் படத்துக்குள் எதுவும் இருக்க முடியாது. ஒரு கல்யாணப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பெண் தலையில் மல்லிகைச் சரம், மூக்குத்திக் கல்லில் ஒரு மின்னல், பக்கத்தில் குத்துவிளக்குச் சுடர். மண்டபத்தில் நின்று பார்த்த கண்ணுக்கு மல்லிகை வெள்ளை. மூக்குத்தி அதைவிடப் பல மடங்கு வெளிச்சம். திரையிலோ மூன்றும் 255இல் போய் முட்டி நின்றன. கல்லுக்கும் பூவுக்கும் ஒரே வெள்ளை.

இதற்கு ஆய்வாளர்கள் அப்போதே வழி தேடினார்கள். வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களிலிருந்து ஒரு காட்சியின் உண்மையான ஒளி அளவுகளை மீட்டெடுக்கும் முறையை 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்டார்கள். 2005இல் ஃபோட்டோஷாப்பிலேயே அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் அந்த ஒளியைக் காட்ட வீட்டுத் திரையால் முடியவில்லை. எனவே அத்தனையையும் நசுக்கி 255க்குள் திணித்தார்கள். கோபுரத்தைச் சுற்றி வெண்புகை போல ஒரு வளையம், அழுக்கேறிய மேகம், நிழலே இல்லாத முகம்: இப்படி விரிந்த ஒளியைப் பிடிக்கும் எச்டிஆர் என்றாலே பலர் முகம் சுளித்தது அதனால்தான். அப்படிப் படம் செய்தவர்கள்மேல் பழி போடுவது நியாயமில்லை. ஃபைலுக்குள் ஒளி இருந்தது. திரையில்தான் அதற்கு இடமில்லை.

இன்று அந்த இடம் கிடைத்துவிட்டது. 2021இல் வந்த மேக்புக் ப்ரோவின் திரை 1,600 நிட் வரை தொடும். ஆனால் பழைய பழக்கத்தில் பிரைட்னஸை முழுக்க ஏற்றி வைத்தால் கிடைத்ததைப் பெரும்பாலும் இழந்துவிடுவோம். சாதாரண வெள்ளையே 500 நிட்டில் நின்றால், மேலே மூன்று மடங்கு சொச்சம்தான் மிச்சம். அதே வெள்ளையை 100 நிட்டுக்கு இறக்கிப் பாருங்கள்: மேலே 16 மடங்கு, ஒவ்வொரு இரட்டிப்பையும் ஒரு ஸ்டாப் என்று எண்ணும் கேமராக்காரர் கணக்கில் நான்கு ஸ்டாப். பிரைட்னஸைக் குறைக்கக் குறைக்க மூக்குத்தி மின்னும். ஆகவே அறையின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஆட்டோ பிரைட்னஸையும், அறை ஒளிக்கேற்ப நிறத்தை மாற்றும் ட்ரூ டோனையும் அணைத்துவிட்டு உட்காருவதுதான் முதல் வேலை.

விண்டோஸில் வேலை கொஞ்சம் அதிகம். முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் எச்டிஆரைத் திறக்க வேண்டும். அதன்பின் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, எச்டிஆர் என்று போய் அங்கும் திறக்க வேண்டும். திறந்ததும் டெஸ்க்டாப் வெளுத்துப்போனது போலத் தெரியலாம். பலர் அந்த நொடியிலேயே அணைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அதே பக்கத்தில் எஸ்டிஆர், அதாவது எச்டிஆர் அல்லாத பழைய உள்ளடக்கத்தின் வெளிச்சத்துக்கென்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதை நகர்த்திப் பழைய வெள்ளையைக் கண்ணுக்கு இதமான இடத்தில் உட்காரவைக்க வேண்டும். பிறகு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் எச்டிஆர் கேலிப்ரேஷன் செயலியை ஓட்டினால், திரை எவ்வளவு கருக்கும், எவ்வளவு ஒளிரும் என்பதை உங்கள் கண்ணைக் கொண்டே அது குறித்துக்கொள்ளும். அடோபி காமா கேட்ட அதே பொறுமையைத்தான் இதுவும் கேட்கிறது. நைட் லைட் அணைந்திருக்கட்டும்.

கடையில் ஒட்டியிருக்கும் எச்டிஆர் ஸ்டிக்கரை மட்டும் நம்பி மானிட்டர் வாங்காதீர்கள். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்றால் உச்சம் 400 நிட். பகுதி பகுதியாக ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதற்குக் கட்டாயமில்லை. வெள்ளையை 200இல் வைத்தால் மேலே ஒரே ஒரு ஸ்டாப்தான். 1000 என்று எழுதியதோ, கருப்பை உண்மையிலேயே அணைத்துக் காட்டும் ஓஎல்இடியோ வாங்குங்கள்.

படத்தின் ஃபைலும் மாறிவிட்டது. 2023இல் ஆண்ட்ராய்டு 14 கொண்டுவந்த அல்ட்ரா எச்டிஆரில், ஒரே ஜேபெக்குக்குள் சாதாரணப் படமும், எந்தப் புள்ளி எத்தனை மடங்கு ஒளிர வேண்டும் என்று சொல்லும் கெயின் மேப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பழைய திரை முதலாவதைக் காட்டும்; புதிய திரை இரண்டையும் பெருக்கிக் காட்டும். ஃபோனில் ஜொலித்த படம் கணினியில் சோர்ந்து தெரிந்தால், கெயின் மேப்பைப் படிக்கத் தெரியாத ஒரு செயலி நடுவில் இருக்கக்கூடும். அப்போது குரோமில் இழுத்துப் போட்டுப் பாருங்கள். அங்கும் சோர்ந்தே இருந்தால், அனுப்பும் வழியில் படத்தைச் சுருக்கிய ஏதோ ஒரு சேவை அந்த மேப்பைக் கழற்றிவிட்டிருக்கலாம். அனுப்பியவரிடம் மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். வேட்டி டியூப் லைட்டாக எரிகிறது. என் கணக்கில் மல்லிகையும் வேட்டியும் பழைய வெள்ளையிலேயே இருக்க வேண்டும். சுடரும் கல்லும் மட்டுமே தாண்ட வேண்டும்.

அச்சுக்குப் போகும் ஆல்பத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது. காகிதத்தின் வெள்ளைக்கு மேல் வெளிச்சம் கிடையாது. அந்த வேலைக்கு உட்காரும்போது விண்டோஸ் விசையோடு ஆல்ட்டும் B-யும் அழுத்தி எச்டிஆரை அணைத்துவிட்டு, பழையபடி 100 நிட் பக்கம் வெள்ளையை வைத்துக்கொண்டு திருத்துங்கள்.