சட்டம் வீடு தேடி வராது

உப்புக்குளத்தில் இருந்து மன்னார்ப் பட்டணத்துக் கந்தோர்களுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கந்தோர் வாசலில் மூன்று படிகள் இருந்தால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த மூன்று படிகளே பெரும் தூரம். உள்ளே போக முடியாதவர் வெளியே காத்திருக்க, அவருக்காக வேறொருவர் போய்ப் பேசிவிட்டு வருகிறார். இதை நாம் விதி என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

1990 இலும் பின்னர் 2007, 2008 ஆம் ஆண்டுகளிலும் வீடு வயல்களை விட்டு ஓடிய நம் குடும்பங்களில், ஷெல்லடியிலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தவர்கள், பார்வை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே குறையோடு பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களுக்கு உரியது இரக்கம் மட்டும்தானா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாகத் தந்த ஒருவரை முதலில் அறிந்துகொள்வோம்.

நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் ஒருவர்

சாதன் குப்தா 1917 இல் வங்காளத்தில் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே அம்மை நோய் அவருடைய பார்வையைப் பறித்தது. கல்கத்தாவில் பார்வையற்றோர் பாடசாலையில் தொடங்கிய படிப்பு, கல்லூரி வழியாகச் சட்டத்துக்குச் சென்றது. அவர் வழக்கறிஞரானார். 1953 இல் நடந்த இடைத்தேர்தலில் கல்கத்தா தென்கிழக்குத் தொகுதி மக்கள் அவரைத் தெரிவு செய்தார்கள். சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றத்தில் அமர்ந்த முதல் பார்வையற்ற உறுப்பினர் அவரே. 1957 இல் மீண்டும் வென்றார். 1969 இல் மேற்கு வங்கச் சட்டசபைக்கும் தெரிவானார். 1986 இல் அந்த மாநில அரசின் தலைமை வழக்கறிஞரானார். பார்வையற்றோரின் தேசிய சம்மேளனத்துக்கும் தலைமை தாங்கினார். 2015 இல், 97 ஆவது வயதில் காலமானார்.

அவருக்கு யாரும் இரங்கி இந்தப் பதவிகளைக் கொடுக்கவில்லை. மக்கள் வாக்களித்தார்கள், அவர் வாதாடினார். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பின்னர், 1995 இல் அவர்களுக்கான சட்டம் ஒன்று நிறைவேறியது. 2016 இல் அதைவிட விரிவான புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

நமது நாட்டில்

இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. குறைபாட்டைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதிலோ பாடசாலையில் அனுமதிப்பதிலோ பாகுபாடு காட்டக்கூடாது, பொதுமக்கள் செல்லும் இடங்களில் தடை செய்யக்கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் சென்றுவர வசதி இருக்கவேண்டும் என்ற விதிகள் 2006 இல் வந்தன.

ஆனால் எழுதிய சட்டம் தானாக எழுந்து நடக்காது. அதை நடக்க வைத்தவர்களில் ஒருவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராகவும் இருந்த இவர், 1992 இல் ஓடிக்கொண்டிருந்த கார் மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளுக்கு அமைய வேண்டும் என்று 2009 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் சட்டம் படித்தவர் அல்லர். ஒரு தனி மனிதர் விடாமல் கேட்டதன் பலன், முகம் தெரியாத பலருக்கும் சேர்ந்தது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2024 நவம்பரில் சுகத் வசந்த த சில்வா நமது பாராளுமன்றத்தின் முதல் பார்வையற்ற உறுப்பினரானார். சாதன் குப்தா டில்லியில் அமர்ந்து 71 ஆண்டுகள் கழித்து இது நடந்தது.

நாம் செய்யக்கூடியவை

பாராளுமன்றமும் உயர் நீதிமன்றமும் நமக்கு எட்டாத இடங்கள் என்று நினைக்கலாம். ஆனால் முதற்படி நம் கையில்தான் இருக்கிறது.

முதலாவது, பதிவு. வீட்டில் உள்ள மாற்றுத்திறனாளியின் பெயரைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பதியுங்கள். இடப்பெயர்வில் வைத்தியத் துண்டுகள் தொலைந்திருந்தால், இப்போதே வைத்தியசாலையில் பரிசோதித்துப் புதிய சான்றிதழ் எடுங்கள்.

இரண்டாவது, எழுத்து. பாடசாலை பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், கந்தோரில் உள்ளே போக வழியில்லை என்றால், வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். கடிதமாகக் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த திகதியையும் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, காலம். அரச அலுவலகம் ஒன்று அடிப்படை உரிமையை மீறினால், உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத அவகாசமே உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் காலம் தாழ்த்தாமல் முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். “பிறகு பார்ப்போம்” என்று விட்டால், வழக்கு இருந்தும் வழி அடைபட்டுப் போகும்.

நான்காவது, கூட்டு. வாய்க்கால் தண்ணீர் வரவில்லையென்றால் நாம் தனித்தனியாகப் போவதில்லை. கமக்காரர் அமைப்பாகத்தான் போகிறோம். இதற்கும் அப்படியே போகலாம். அடுத்த கூட்டம் படிக்கட்டு இல்லாத இடத்தில் நடக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரும் வரட்டும். அவர் சார்பில் நாம் பேசுவதைவிட, அவரே பேச நாம் கேட்பது நல்லது.

வாசலில் காத்திருக்கும் ஒருவரை உள்ளே அழைத்து வர ஒரு சாய்வுப் பாதை போதும். அதைக் கேட்க ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குவோம்.