‘ஸ்டேபிள்’ வெர்ஷன்னா என்ன? சாஃப்ட்வேருக்கும் ஒரு தடைக்காலம் ஏன்?

2025 ஏப்ரல் 15. தூத்துக்குடி விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய நாள். அதே நாளில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் லினக்ஸிலும் ஒரு தடை வந்தது: ‘இனி புதிய சாஃப்ட்வேர் எதுவும் உள்ளே வரக்கூடாது.’ தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால், ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் ‘ஸ்டேபிள்’ வெர்ஷன் பிறப்பதே இப்படி ஒரு தடையில்தான்.

ஏரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கா? ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸ் கூடவே ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். அடிப்படையாக எடுத்துக்கொண்டது டெபியனை. ஏரலில் ஒரு மாணவர் பாஸை ஆன் செய்தால், திரையில் ஓடுவதில் பெரும்பகுதி டெபியன் குழுவின் உழைப்பு.

ஸ்டேபிள்னா ‘பக்’ இல்லாததா?

இல்லை. ‘இனி மாறாது’ என்று அர்த்தம். புது வசதிகள் வராது. பாதுகாப்புத் திருத்தங்களும், பெரிய கோளாறுகளுக்கான சரிசெய்தலும் மட்டுமே வரும்.

டெபியனில் மூன்று படிகள் உண்டு. புதிய வெர்ஷன் முதலில் ‘அன்ஸ்டேபிள்’ பகுதிக்கு வரும். சில நாட்கள் பெரிய சிக்கல் இல்லாமல் தாக்குப்பிடித்தால் ‘டெஸ்டிங்’ பகுதிக்குப் போகும். அந்த டெஸ்டிங்கை உறைய வைத்து, சுத்தம் செய்து வெளியிடுவதுதான் ‘ஸ்டேபிள்’.

ஃப்ரீஸ் எப்படி நடக்கும்?

டெபியன் 13-ஐ எடுத்துக்கொள்வோம்.

மார்ச் 15, 2025: அடித்தளத்தை அசைக்கும் பெரிய மாற்றங்களுக்குத் தடை.
ஏப்ரல் 15: புது வரவுகளுக்குத் தடை; சின்னத் திருத்தங்கள் ஓகே.
மே 15: முக்கியமான பகுதிகளில் கை வைக்க வெளியீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும்.
ஜூலை 27: எதைத் தொட்டாலும் அனுமதி வேண்டும்.
ஆகஸ்ட் 9: வெளியீடு. உள்ளே கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேக்கேஜ்கள்.

தேதியா, தரமா?

இதில் இரண்டு கட்சி. முதல் கட்சி, ‘ரெடியானால்தான் வெளியீடு’. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு அப்படித்தான் நடந்தது. முத்துப் பார்களில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, முத்து முற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். தரம் கிடைக்கும், ஆனால் எப்போது என்று தெரியாது. டெபியனே இதில் அடிபட்டிருக்கிறது. 2002 ஜூலையில் ஒரு வெர்ஷன் வந்தது. அடுத்தது வர 2005 ஜூன் ஆகிவிட்டது.

இரண்டாவது கட்சி, ‘தேதிதான் முக்கியம்’. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு ஒவ்வொரு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவரும். தயாராகாத வசதி அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். அதுவும் ஒருமுறை சறுக்கியது: 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூனில்தான் வந்தது.

இப்போது டெபியன் நடுவழியில் போகிறது. ஃப்ரீஸ் தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிடும். வெளியீட்டுத் தேதியை, மிச்சமிருக்கும் கோளாறுகளைப் பார்த்து முடிவு செய்யும்.

காத்திருந்ததால் என்ன லாபம்?

2024 மார்ச் 29. ஃபைல்களைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்ற சின்ன கருவிக்குள் யாரோ திட்டமிட்டு ரகசியக் கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினியர் வெளியே சொன்னார். சர்வரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனதுதான் அவருக்குச் சந்தேகம் கிளப்பியது. அந்த வெர்ஷன் டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் இரண்டிலும் நுழைந்துவிட்டது. ஸ்டேபிளுக்குள் வரவில்லை. ‘ஸ்டேபிள்னா பழசு’ என்ற கிண்டல் உண்மைதான். அன்றைக்கு அந்தப் பழசுதான் பலரைக் காப்பாற்றியது.

தமிழுக்கு ஏன் முக்கியம்?

மெனுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குவது பெரும்பாலும் தன்னார்வலர்கள். வெளியீட்டுக்கு முந்தின நாள்வரை டெவலப்பர்கள் வாசகங்களை மாற்றிக்கொண்டே இருந்தால், ‘கோப்பு’, ‘திருத்து’ பக்கத்திலேயே நாலு ஆங்கில வரிகள் நிற்கும். அதனால்தான் க்னோம் போன்ற திட்டங்கள் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே ‘இனி வாசகங்களை மாற்றக்கூடாது’ என்று தனித் தடை போடுகின்றன. அந்த இடைவெளிதான் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்கும் நேரம்.

நீங்கள் பார்க்க வேண்டியது

இன்ஸ்டால் செய்யும் முன் ‘லேட்டஸ்ட்டா?’ என்று மட்டும் பார்க்காதீர்கள். ‘எத்தனை வருஷம் சப்போர்ட்?’ என்றும் பாருங்கள். டெபியன் ஸ்டேபிளுக்கு முழு சப்போர்ட் 3 ஆண்டு, அதன்பின் நீட்டிப்பு 2 ஆண்டு, மொத்தம் 5.

நீங்களே ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம் நடத்துகிறீர்களா? மூன்று விஷயங்களை முதலிலேயே எழுதி வையுங்கள்: எந்தத் தேதியில் புது வசதிகளை நிறுத்துவோம், அதன்பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, பழைய வெர்ஷனை எதுவரை கவனிப்போம். மூன்றில் கஷ்டமானது நடுவில் இருப்பதுதான். நண்பர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய கோடைக் கடைசி நாளில் கொண்டுவருவார். ‘அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்’ என்று அவரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.