புது இன்ஜின் பூட்டினால் மட்டும் போதுமா?

தீபாவளி போனஸ் வரும் சமயத்தில், கல்லூரிக்குப் போகும் பிள்ளை உள்ள வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு விண்ணப்பம் தவறாமல் எழுகிறது. "கம்ப்யூட்டரில் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும்." இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் என்பது நமக்கெல்லாம் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் பணம். அதைக் கொட்டிய பிறகும் ஆட்டம் பழைய கதியிலேயே ஓடுவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கார்டில் இல்லை.

திரையில் ஓடும் ஆட்டம் உண்மையில் அடுத்தடுத்து வரும் படங்கள்தான், சினிமாச் சுருளைப் போல. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் உழைக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார், கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, குண்டு எங்கே பட்டது என்ற கணக்கையெல்லாம் போட்டு "இதை வரை" என்று உத்தரவு கொடுப்பது பிராசஸர். அந்த உத்தரவுப்படி வரைந்து கொடுப்பது கிராஃபிக்ஸ் கார்டு. ஒருவர் அடுத்த படத்துக்குக் கணக்குப் போடும்போதே மற்றவர் முந்தைய படத்தை வரைந்துகொண்டிருப்பார். ஆகவே இருவரில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் ஆட்டத்தின் வேகம்.

ஓர் உதாரணக் கணக்கு. பிராசஸருக்கு ஒரு படத்துக்கு 16 மில்லி செகண்டும், பழைய கார்டுக்கு 25 மில்லி செகண்டும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செகண்டுக்கு 40 படம் கிடைக்கும். 7 மில்லி செகண்டில் வரையும் புதுக் கார்டைப் போட்டால் 140 படம் வரும் என்று பையன் எதிர்பார்ப்பான். வருவதோ 62தான்! மீதி நேரமெல்லாம் கார்டு உத்தரவுக்காகச் சும்மா காத்திருக்கும்.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. 2600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தியுள்ள டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார இன்ஜினைப் பூட்டலாம். ஆனால் அது ஒற்றைப் பாதையாக இருந்து, எதிர்வண்டிக்காக லூப் லைனில் இருபது நிமிஷம் நிற்க வேண்டியிருந்தால், அந்த இருபது நிமிஷத்தை எந்த இன்ஜினும் மீட்டுத் தராது.

டில்லியில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம். கோடையில் கும்பகோணம் போக எடுத்து வைத்த பணத்தில் மகனுக்கு ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு வாங்கினார்கள். பையன் வாடிய முகத்தோடு வந்து, "தாத்தா, நேரு பிளேஸ் கடைக்காரர் டூப்ளிகேட்டைக் குடுத்து ஏமாத்திட்டாரோ?" என்றான். போய்ப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் கார்டின் உழைப்பு நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. திரை அளவை 1920-க்கு 1080-லிருந்து 1280-க்கு 720 ஆகக் குறைக்கச் சொன்னேன். வரைகிற வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் படங்களின் எண்ணிக்கை அசையவில்லை. கார்டு நல்ல கார்டுதான். அதற்குத் தீனி போட முடியாமல் திணறியது, நான்காம் தலைமுறை ஐ-5 என்னும் நாலு கோர் பிராசஸர்.

இந்தச் சோதனையைக் கார்டு வாங்கும் முன்பே, காசு செலவில்லாமல் யாரும் செய்யலாம். திரை அளவைக் குறைத்ததும் படங்கள் கணிசமாகக் கூடினால் கார்டுதான் தடை. மாற்றினால் பலன் உண்டு. கூடாவிட்டால் கடைப்பக்கம் போக வேண்டாம். பிராசஸரின் மொத்த உழைப்பு 30 சதவீதம்தானே என்று ஏமாறவும் கூடாது. நாலு கோரில் ஒன்று மட்டும் மூச்சுவாங்க ஓடினாலே ஆட்டம் நின்றுவிடும். மொத்தக் கணக்கில் அது 25 என்றுதான் தெரியும்.

வேறு சில தடைகளும் உண்டு. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் செகண்டுக்கு 60 முறைக்கு மேல் அது படத்தை மாற்றாது. கார்டு 140 வரைந்தாலும் பெரும்பகுதி கண்ணுக்கு வராது. மெமரியை ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் போட்டால், பிராசஸருக்குப் போகும் வழி இரட்டைப் பாதையாகிறது. டில்லித் தூசியும் மே மாத வெயிலும் சேர்ந்தால் பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு பிரஷ்ஷும் அரை மணி நேரமும் போதும். இன்னொன்று, சிரிப்பு வரும், ஆனால் அடிக்கடி நடப்பது: மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் செருகாமல், பழக்கத்தில் மதர்போர்டிலேயே செருகி வைத்திருப்பார்கள்.

மூன்றாம் மாடிப் பையனுக்குப் புது பிராசஸர் என்றால் மதர்போர்டும் மெமரியும் சேர்ந்து மாற வேண்டும். அவன் போர்டில் இருப்பது டி.டி.ஆர்.-3 காலத்து மெமரி. அதனால் அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ-7 ஒன்றை செகண்ட் ஹாண்டில் தேடிப் போட்டோம். 140 படம் வரவில்லை. திக்குவது மட்டும் பெரும்பாலும் நின்றது.