பயணப் படம் ஓவியமாகும்போது

பயணம் சென்று திரும்பியவரின் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான வண்ணப் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் ஓவியமாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்னும் ஆசை பலருக்கும் எழுவது இயல்பு. அதை ஒரே தொடுதலில் நிறைவேற்றித் தரும் செயலிகளும் இன்று ஏராளம். ஆயினும் அவ்வாறு கிடைக்கும் படங்களுள் பெரும்பாலானவை முதல் பார்வையில் வியப்பூட்டி, மறுபார்வையில் சலித்துப்போகின்றன. கேமரா தன்முன் வந்த ஒளி முழுவதையும், முக்கியமானது எது, அல்லாதது எது என்ற வேறுபாடின்றிப் பதிவுசெய்கிறது. செயலியும் அதே போக்கில் படம் முழுவதும் தூரிகைத் தடத்தைப் பரப்பிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே மனிதர் செய்ய வேண்டிய தேர்வு செய்யப்படாமலே போவதுதான் அந்தச் சலிப்புக்குக் காரணம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் வேலையே ஓவியத்தின் உயிர். அதைப் பயனர் தம் கையில் எடுத்துக்கொண்டால் அதே மென்பொருள்கள் நல்ல கருவிகளாகின்றன.

கருவியின் துணையோடு பயணக் காட்சியை ஓவியமாக்கும் பழக்கம் ஒளிப்படக் கலைக்கும் முந்தியது. 1786இல் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் தமிழகம் வரை பயணம் செய்த தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர்கள் கேமரா அப்ஸ்கியூரா என்ற இருட்டுப் பெட்டியைப் பயன்படுத்தினர். ஒரு பக்கத்தில் வில்லை பொருத்திய அந்தப் பெட்டி, வெளியே தெரியும் கோபுரத்தையும் மலையையும் உள்ளே தாளின்மேல் ஒளியாக விழச்செய்யும். ஓவியர் அதன் கோடுகளைப் பென்சிலால் பின்பற்றி வரைந்துகொள்வார். அளவுகளும் தொலைவுத் தோற்றமும் பெட்டியின் உதவியால் அமைந்தன. வானத்தின் நிறம், நிழலின் ஆழம், முன்னால் நிற்கும் மரத்துக்குத் தர வேண்டிய இடம் ஆகியவற்றை ஓவியர்களே முடிவுசெய்தனர். அந்தப் பயணத்திலிருந்து 1795 முதல் 1808 வரை ‘ஓரியன்டல் சீனரி’ என்ற பெயரில் 144 அச்சோவியங்கள் வெளிவந்தன.

ஒளிப்படம் வந்த பிறகும் தூரிகை ஓய்ந்துவிடவில்லை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1858இல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், அன்றைய ஒளியுணர் வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரிந்து வானத்தை வெறுமையாகவே பதிவுசெய்ததைக் கண்டு, தம் காகித நெகட்டிவ்களின்மேல் தூரிகையால் வண்ணப்பொருளைத் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். மங்கிப்போன இலைக்கொத்துகளையும் அவ்வாறே துலக்கினார். அடுத்த பத்தாண்டுகளில் இந்திய நகரங்களின் ஒளிப்பட நிலையங்கள் ஓவியர்களை வேலைக்கு அமர்த்தி, கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் வண்ணம் தீட்டச் செய்தன. சில படங்களில் அந்த வண்ணம் அடியிலுள்ள ஒளிப்படத்தையே மறைத்துவிடும் அளவுக்குத் தடித்திருந்தது. எனவே படத்தின்மேல் தீட்டுவது போலிக் கலை என்று இன்று சிலர் சொல்வதற்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு.

கணினி இந்த வேலையைக் கற்றுக்கொண்ட வரலாறும் கருத்தில் கொள்ளத்தக்கது. 1990இல் பால் ஹேபர்லி உருவாக்கிய நிரல், பயனர் வெற்றுத் திரையில் எந்த இடத்தைத் தொடுகிறாரோ, மூலப்படத்தில் அதே இடத்திலுள்ள நிறத்தை எடுத்து ஒரு தூரிகைத் தீற்றலாக வைத்தது. எங்கே தொடுவது, எவ்வளவு பெரிய தீற்றல், எந்தத் திசை என்பன மனிதரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தன. 1998இல் ஆரோன் ஹெர்ட்ஸ்மன் அந்த முடிவுகளையும் கணினியிடம் ஒப்படைக்கும் முறையை வெளியிட்டார். அம்முறை முதலில் பெருந்தூரிகையால் படம் முழுவதையும் மொத்தமாக நிரப்புகிறது. பின்னர் தீட்டியதையும் மூலப்படத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு அதிகமாகத் தென்படும் இடங்களில் மட்டும் சிறிய தூரிகையால் மீண்டும் தீட்டுகிறது. இவ்வாறு பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கிவருகிறது. தேர்ந்த ஓவியர் பணிபுரியும் வரிசையும் இதுவே. ஆனால் நுணுக்கம் தேவைப்படும் இடத்தை ஓவியர் தம் அக்கறையால் அறிகிறார். கணினி நிற வேறுபாட்டின் அளவால் அறிகிறது. ஆகவே பயணி தேடிச்சென்ற கோயில் சிற்பத்துக்கும், அதன் அருகே தொங்கும் விளம்பரப் பலகையின் எழுத்துக்கும் அது ஒரே அளவு உழைப்பைச் செலவிடுகிறது.

பல மென்பொருள்களில் எண்ணெய் வண்ணத் தோற்றம் தரும் ஃபில்டர்களுக்கு அடிப்படையான முறைகளுள் ஒன்று, ஓவியத்துக்காகக் கண்டறியப்பட்டதே அன்று. 1976இல் ஜப்பானியரான குவஹாராவும் அவருடைய சகாக்களும், கதிரியக்க முறையில் எடுக்கப்பட்ட இதயப் படங்களிலுள்ள புள்ளி இரைச்சலை நீக்குவதற்காக அதை வகுத்தனர். படத்தின் மிகச் சிறிய கூறான பிக்சல் ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள சதுரத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, நிற மாறுபாடு மிகக் குறைந்த பகுதி எது என்று கண்டு, அதன் சராசரி நிறத்தை அந்தப் பிக்சலுக்கு அளிப்பதே அம்முறை. இதனால் பொருள்களின் விளிம்பு கலங்காமல் நிற்க, உட்பரப்பின் சிறு மாறுபாடுகள் கரைந்து திட்டுத்திட்டான நிறப்பரப்புகளாகின்றன. மருத்துவருக்குத் தெளிவு தர எழுந்த கணக்கு, பிற்காலத்தில் ஓவியத் தோற்றத்துக்குப் பயன்பட்டது அறிவியல் வரலாற்றின் இனிய திருப்பங்களுள் ஒன்று.

2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்டிஸ், எக்கர், பெத்கே ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையைப் பெரிதும் மாற்றியது. பொருள்களை அடையாளம் காண முன்பே பயிற்றப்பட்ட ஒரு நரம்பு வலையமைப்பை, அதாவது பல அடுக்குகளாகக் கணக்கிடும் நிரலமைப்பை, அவர்கள் பயன்படுத்தினர். நெக்கார் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் டூபிங்கன் வீடுகளின் ஒளிப்படம் ஒன்றை எடுத்து, அதன் உருவ அமைப்பைக் காத்தபடியே, வான்கோ 1889இல் தீட்டிய ‘விண்மீன் இரவு’ ஓவியத்தின் தீற்றல்களையும் நிறச்சேர்க்கையையும் அதன்மேல் ஏற்றிக்காட்டினர். அடுத்த ஆண்டே பிரிஸ்மா போன்ற செயலிகள் இத்தகைய நுட்பத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தன. இந்த முறை ஓர் ஓவியத்தின் பாணியை, அதிலுள்ள வடிவக்கூறுகள் எவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்னும் புள்ளிவிவரமாகச் சுருக்கிக்கொள்கிறது. அவை ஓவியத்தின் எந்த இடத்தில் வந்தன என்பதைக் கணக்கில் வைப்பதில்லை. வான்கோ சுழல்களை வானத்துக்கு ஒதுக்கி, கீழேயுள்ள ஊரை அடக்கமான குறுங்கோடுகளால் தீட்டியதற்கு அந்தக் காட்சிக்குள் ஒரு காரணம் இருந்தது. அக்காரணம் புள்ளிவிவரத்தில் அகப்படாது.

இனி, வண்ணமயமான ஒரு பயணப் படத்தில் நடைமுறையில் எழும் சிக்கல்களைக் கொல்கத்தாவின் மல்லிக் காட் பூச்சந்தையை வைத்துப் பார்க்கலாம். ஹூக்ளி ஆற்றங்கரையில், 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா எஃகுப் பாலத்தின் அடியில் கூடும் அச்சந்தை, பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் இடங்களுள் ஒன்று. ஆரஞ்சும் மஞ்சளுமாகக் குவிந்த செண்டுமல்லிச் சரங்கள், அவற்றைத் தலையிலும் தோளிலும் சுமந்து செல்வோர், நீலத் தார்ப்பாய்கள், மின்கம்பிகள், ஈரச் சேறு, பின்னணியில் பாலத்தின் சாம்பல் நிறச் சட்டங்கள் என ஒரே சட்டகத்துள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். நேரில் காண்பவரின் கண் பூக்குவியலையும் சுமப்பவரின் முகத்தையும் மட்டும் பற்றிக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது; படத்திலோ அவை அனைத்தும் ஒரே கூர்மையுடன் பதிந்திருக்கும்.

முதல் சிக்கல் பூக்குவியலிலேயே இருக்கிறது. டிஜிட்டல் படம் ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று தடங்களில் பதிவுசெய்கிறது. வழக்கமான கோப்பில் ஒவ்வொரு தடத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. வெயிலில் ஒளிரும் ஆரஞ்சுப் பூவில் சிவப்புத் தடம் எளிதில் 255ஐ எட்டி முட்டிக்கொள்ள, நீலத் தடம் பூச்சியத்தை ஒட்டிக் கிடக்கும். இதழுக்கும் இதழுக்கும் இடையிலான ஒளி வேறுபாடு அங்கே மறைந்து, குவியல் முழுவதும் தட்டையான ஆரஞ்சுத் திட்டாகிவிடும். இத்தகைய படத்தின்மேல் எந்த ஃபில்டரை இட்டாலும் அது அந்தத் திட்டையே தீற்றல்களாக நறுக்கித் தரும். பெரும்பாலும் பச்சைத் தடத்தில் மட்டும் இதழ்களின் மேடுபள்ளம் எஞ்சியிருக்குமாதலால், அத்தடத்தைத் தனியே கறுப்பு வெள்ளையாகப் பிரித்தெடுத்து வழிகாட்டியாக வைத்துக்கொள்வது அனுபவமுள்ளோர் கையாளும் உத்தி. படமெடுக்கும்போதே வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து, கேமராவின் திருத்தம் ஏறாத ரா கோப்பாகச் சேமித்தவருக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

அடுத்து வருவது ஒளிநிலை, அதாவது ஒரு நிறம் எந்த அளவுக்கு வெளிறியது அல்லது கறுத்தது என்பது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், வண்ணத்தில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஒளிர்ந்த ஆரஞ்சுப் பூவும் நீலத் தார்ப்பாயும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாக மாறி ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடக் கூடும். வண்ணமிகு படங்கள் ஓவியமாகும்போது தோற்றுப்போவதற்குப் பெருங்காரணம் இதுவே. நிறத்தின் பகட்டு ஒளிநிலையின் பலவீனத்தை மறைத்துவைத்திருக்கிறது. ஆதலால் முதலில் படத்தை நான்கே ஒளிநிலைகளாகச் சுருக்கி, தார்ப்பாயை ஒரு படி இருட்டாக்கி, பாலத்தை ஒரு படி வெளிறச் செய்து, பூக்குவியல் தனித்து எழும்படி அமைத்துக்கொண்ட பின்னரே நிறத்துக்குச் செல்வது நல்லது. பல மென்பொருள்களில் போஸ்டரைஸ் என்ற பெயரில் இருக்கும் வசதி இச்சுருக்கத்தை நொடியில் செய்துதரும்.

அதன் பிறகு குவியலை மூன்று நிறங்களில் கட்டலாம்: வெயில் படும் மேற்புறத்துக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு, பக்கவாட்டுக்கு ஆழ்ந்த ஆரஞ்சு, அடிப்புறத்துக்குச் செங்கல் நிறம். ஆயிரம் பூக்களையும் வரையத் தேவையில்லை; ஒளியும் நிழலும் சந்திக்கும் ஓரிடத்தில் ஐந்தாறு பூக்களின் இதழ்களைத் தெளிவாகத் தீட்டினால், மற்றவற்றைப் பார்ப்பவரின் கண்ணே நிறைவுசெய்துகொள்ளும். மின்கம்பிகளையும் பின்னால் நிற்கும் கூட்டத்தின் முகங்களையும் துணிந்து விட்டுவிடலாம். நிழல்களைக் கேமரா பெரும்பாலும் கருமையாகவும் நிறமற்றும் காட்டும். ஆனால் திறந்த வெளியில், நீல வானத்தின் ஒளி நிழலில் விழுவதால், அங்கே மெல்லிய நீலம் இருக்கும். அந்த நீலத்தை மீட்டுத் தந்தால் ஆரஞ்சு மேலும் சுடர்விடும். விளிம்புகளிலும் இதே விவேகம் வேண்டும்: சுமப்பவரின் தோள்கோடு கூர்மையாக நிற்கட்டும், பாலத்தின் சட்டங்கள் காலைப் புகைமூட்டத்தில் கரையட்டும். கைப்பேசிகள் தாமாகவே ஏற்றும் கூர்மையாக்கம் விளிம்புகளில் மெல்லிய வெள்ளைக் கோட்டை உண்டாக்குவதால், ஃபில்டர் இடுவதற்கு முன் அதைத் தணித்துவிடுவதும் அவசியம்.

இவற்றுக்கெல்லாம் அடுக்குகள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும் கண்ணாடித்தாள் போன்ற தனித்தனிப் பரப்புகள், பேருதவி புரிகின்றன. கீழடுக்கில் ஒளிப்படம், அதற்கு மேல் ஒளிநிலைத் திட்டம், அதற்கும் மேல் பெருந்தூரிகை, கடைசியில் நுணுக்கம் என்று பிரித்துக்கொண்டால், ஒன்றில் செய்த பிழை மற்றொன்றைத் தீண்டாது. ஃபில்டரையும் ஒதுக்க வேண்டியதில்லை; அதை ஓர் அடுக்காக இட்டு, முக்கியமல்லாத பின்னணியில் மட்டும் எஞ்சவிட்டு, மையப் பகுதியைக் கையால் தீட்டுவது நேரத்தையும் தரத்தையும் ஒருங்கே காக்கும் வழி.

அச்சிடுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்ட படம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்னும் தரத்தில் ஏறத்தாழ 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கேன்வாஸ் படத்துக்கு அதன் பாதி அடர்த்தியே போதுமாதலால் அளவை இரட்டிப்பாக்கலாம். திரையில் ஒளிரும் ஆரஞ்சை வழக்கமான நான்கு வண்ண மையால் அப்படியே எட்ட முடியாது. ஆகையால் சிறு மாதிரி ஒன்றை அச்சிட்டுப் பார்த்துவிட்டே பெரிதாக அச்சிடுவது முறை.

பிறர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஓவியமாக்கித் தம் பெயரில் விற்பது வேறு விஷயம். 2008இல் ஷெப்பர்ட் ஃபேரி வரைந்த ஒபாமா சுவரொட்டி, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஒளிப்படம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டிருந்ததால் வழக்காகி, 2011இல் சமரசத்தில் முடிந்தது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்துக்கான உரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. தூரிகைத் தோற்றம் ஏற்றியதாலேயே அவ்வுரிமை மறைந்துவிடாது. ஆகவே தொடங்க விரும்புவோர் தாம் எடுத்த, தாம் நன்கறிந்த ஓரிடத்தின் படத்தையே தேர்ந்து, மூலக் கோப்பைத் தொடாமல் தனியே பத்திரப்படுத்திவிட்டு, அதன் படியில் நான்கு ஒளிநிலைகளோடும் ஒரு பெருந்தூரிகையோடும் முதல் முயற்சியைச் செய்து பார்க்கட்டும். அதற்கு வேண்டிய வசதிகள் அனைத்தும் கிரிட்டா என்னும் கட்டற்ற மென்பொருளில் விலையின்றியே கிடைக்கின்றன.