அம்புலன்ஸ் வேலைக்கான தூக்கும் பரிசோதனை: அரிசி மூட்டையைத் தொடுமுன்



சென்ற கோடையில் ஒரு மாணவி தம் தாயாருடன் எம்மிடம் வந்திருந்தார். நியூ ஜெர்சியில் கல்லூரியில் படிப்பவர். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு ஈ.எம்.டி. பயிற்சியை முடித்து, தேசியப் பதிவுத் தேர்விலும் முதல் தடவையே சித்தியடைந்திருந்தார். பிறகு ஒரு தனியார் அம்புலன்ஸ் நிறுவனத்தின் தூக்கும் பரிசோதனைக்குப் போனார். பாரம் ஏற்றிய ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை மூன்றாம் முறை உயர்த்தும்போது கைப்பிடி நழுவியது. மறுபடி வரலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே வீட்டுக் கராஜில் 20 பவுண்டு அரிசி மூட்டைகள் இரண்டை ஒன்றாகக் கட்டி ஒரு மணி நேரம் தூக்கி இறக்கியிருக்கிறார். மறுநாள் காலை கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை.

"டொக்டர், பெட்டைப்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை? நீங்களாவது சொல்லுங்கோ" என்றார் தாயார். மகள் ஒன்றும் பேசவில்லை. பாரமான வேலை செய்யத் தகுதியுண்டு என்று வைத்தியர் கையொப்பமிடும் படிவம் ஒன்றை எம் முன் வைத்தார்.

அன்று நாம் கையொப்பமிடவில்லை. மூன்று மாதம் கழித்து இட்டோம். இடையில் நடந்ததைச் சொல்வது இதே பாதையில் போகும் மற்றப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று நினைக்கிறோம். இப்போது எம் சமூகத்தில் ஏராளமான பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகிறார்கள். நியூ ஜெர்சியில் 16 வயதிலேயே ஈ.எம்.டி. ஆகலாம், ஊர்தோறும் தொண்டர் படைகள் உண்டு. கலிபோர்னியாவில் 18 வயது ஆக வேண்டும்.

முதலில், இப்படி ஒரு பரிசோதனை ஏன்? ஈ.எம்.டி. வேலையை விவரிக்கும் நாடளாவிய குறிப்பு, ஒருவர் தனியாக 125 பவுண்டும் (57 கிலோ), துணையோடு 250 பவுண்டும் (113 கிலோ) தூக்கிச் சமநிலையோடு சுமக்க வேண்டும் என்கிறது. தொழிலாளர் நலனை ஆராயும் நையோஷ் என்ற மத்திய நிறுவனம் 1991இல் வெளியிட்ட கணக்கின்படி, எல்லாச் சூழலும் மிகச் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க எல்லை 51 பவுண்டுதான். அதாவது பாதுகாப்பான அளவைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இந்த வேலை கேட்கிறது. நோயாளியோ பெட்டியல்ல. கைப்பிடி இல்லை, அசைவார், பயத்தில் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொள்வார். இப்போது பல வண்டிகளில் மின்கலத்தால் தானே உயரும் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. ஆனால் மூன்றாம் மாடியில் குளியலறையில் விழுந்து கிடக்கும் பாட்டியிடம் அது போய்ச் சேராது.

அடுத்து முதுகைப் பற்றி. எம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே இருக்கும் வட்டுக்களை ஒரு சீசோவின் நடுக்கட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் தசை அதற்குப் பின்னால் சுமார் 2 அங்குலத்தில் இழுக்கிறது. சுமை முன்னால் 20 அங்குலத்தில் இருந்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் தசை பத்துப் பவுண்டு இழுக்க வேண்டும். 40 பவுண்டு அரிசிக்கு 400 பவுண்டு! அதே மூட்டையை வயிற்றோடு அணைத்து 8 அங்குலத்தில் வைத்தால் 160. குனியும்போது எம் சொந்த மேலுடம்பின் பாரமும் இதோடு சேரும். கராஜில் அந்தப் பிள்ளை கைகளை நீட்டி, முதுகை வளைத்துத் தூக்கியிருக்கிறார். நோ வந்ததில் வியப்பில்லை.

கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே நாட்டாமை ஊர்ப் பெரியவர், எங்கள் பக்கம் மூட்டை தூக்குபவர்.) மெலிந்த மனிதர்கள்தான். ஆனால் மூட்டை உடம்பில் ஒட்டாமல் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நாம் மருத்துவ மாணவராக இருந்த காலத்தில் எரிபொருள் கிடையாது. காயப்பட்டவர்கள் சைக்கிளிலும், கழற்றிய கதவுப் பலகையிலும் வந்தார்கள். பலமானவர்கள் நால்வர் தூக்கியும் நோயாளி சரிந்ததை நாம் கண்டதுண்டு. நால்வரும் ஒரே நேரத்தில் எழவில்லை, அவ்வளவுதான். இன்று அங்கே 1990 என்ற எண்ணை அழைத்தால் வண்டி வருகிறது. 2016இல் தெற்கில் தொடங்கி 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008இல் தொடங்கியது. வண்டி வந்தாலும் கடைசிப் பத்துப் படிகள் மனிதக் கைகளுக்குத்தான்.

பரிசோதனை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பெரும்பாலும் பாரம் வைத்த ஸ்ட்ரெச்சரை உயர்த்தித் தாழ்த்துவது, பொம்மை இருத்திய கதிரையைப் படியில் இறக்குவது, உபகரணப் பைகளோடு மாடி ஏறுவது, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்துவது ஆகியவை இருக்கும். எவை, எத்தனை பவுண்டு, எத்தனை தடவை என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஹூஸ்டன், டாலஸ் போன்ற நகரங்களில் அம்புலன்ஸ் தீயணைப்புத் துறையின் கீழ் ஓடுகிறது. தீயணைப்புத் துறைகள் பலவற்றில் சி-பாட் என்ற கடினமான தேர்வு உண்டு: 50 பவுண்டு அங்கி அணிந்து எட்டுக் கட்டங்களை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும், அதில் 165 பவுண்டு பொம்மையை 70 அடி இழுப்பதும் ஒன்று. அதற்கு இங்கே சொல்லும் தயாரிப்பு போதாது.

அந்த மாணவிக்கு நோ தணிய இரண்டு வாரம் பிடித்தது. அந்நாட்களில் படுத்தே கிடக்கச் சொல்லவில்லை, நடக்கச் சொன்னோம். பிறகு பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் இரண்டு வாரமும் பாரமே இல்லை. ஒரு தும்புத்தடியை முதுகில் நீளவாட்டில் பிடித்து, அது பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றையும் விட்டு விலகாமல் இடுப்பிலிருந்து குனிந்து எழும்புவது. கேட்க விளையாட்டாக இருக்கும். கண்ணாடி முன் செய்து பாருங்கள், பலருக்கு முதல் தடவை வராது. கூடவே கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழுவது. மூன்றாம் வாரம் ஒரு அரிசி மூட்டை, நெஞ்சோடு அணைத்து. பிறகு வாரத்துக்கு ஐந்து முதல் பத்துப் பவுண்டு கூட்டி, உடற்பயிற்சி நிலையத்தில் இரும்புக்கு மாறினார். தொடக்க வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் வேலை பழகுவதால் வருவது. தசை பருக்க இன்னும் நாளாகும். ஆகவே 'இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே' என்று பாரத்தை இரட்டிப்பாக்க வேண்டாம்.

அவர் தோற்றது முதுகால் அல்ல, பிடியால். எம் அனுபவத்தில் பலரும் அங்கேதான் தவறுகிறார்கள். இரு கையிலும் பாரமான பைகளைத் தொங்கவிட்டு, தோள் சாயாமல் அரை நிமிடம் நடப்பதே அதற்கு மருந்து. படி ஏறுவதைவிட இறங்குவதைக் கூடுதலாகப் பழகுங்கள். மறுநாள் தொடை வலிக்கும், அது இயல்பு. துணையோடு தூக்கும்போது ஒருவர் மட்டும் எண்ண வேண்டும். பழகும் காலத்தில் தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிய வேண்டாம். இரவில் நீர் ஊறிய வட்டுக்களுக்கு அப்போது அழுத்தம் அதிகம். டெக்சாஸ் பிள்ளைகள் கோடையில் கராஜுக்குள் மதியம் பழக வேண்டாம். உடம்பு வெக்கைக்குப் பழகவே ஒன்று இரண்டு வாரம் வேண்டும்.

இன்னொன்று. இவருடைய இரத்தத்தைப் பார்த்தபோது இரும்புச்சத்து குறைவாக இருந்தது. எம் பெண்பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பது இது. மாடி ஏற மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! சோறும் ரசமும் மட்டும் தசை கட்டாது. முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது புரதம் வேண்டும்.

'பெட்டைப்பிள்ளைக்கு ஏன்' என்ற கேள்விக்கு வருவோம். சிக்காகோ தீயணைப்புத் துறை பாராமெடிக் வேலைக்கு வைத்த உடற்தேர்வில், 2000 முதல் 2009 வரை ஆண்களில் 98 வீதமானோர் தேறினர். பெண்களில் 60 வீதம்தான். 2004இல் விண்ணப்பித்துத் தோற்ற, ஏற்கெனவே அனுபவமுள்ள பெண் பாராமெடிக்குகள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். அந்தத் தேர்வு உண்மையான வேலையை அளக்கிறது என்பது சரியாக நிறுவப்படவில்லை என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தேர்வில் தவறியதாலேயே வேலைக்கு ஆகாதவர் என்று ஆகாது. அதே நேரம், தீர்ப்பு எப்படியிருந்தாலும் நோயாளியின் பாரம் குறையாது. பயிற்சி இருபாலாருக்கும் வேண்டியதே.

படிவம் பற்றியும் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, தூக்கும் பரிசோதனையை வேலை தருமுன்பே வைக்கலாம். உடல்நலக் கேள்விகளும் வைத்தியப் பரிசோதனையும் நிபந்தனையோடு வேலை தந்த பிறகே. தேர்வு ஆபத்தில்லை என்று வைத்தியர் எழுதித் தருமாறு முதலிலேயே கேட்கலாம். அந்தத் தாளில் எம் கையொப்பம் 'தேறுவார்' என்று சொல்வதில்லை. 'முயல்வது ஆபத்தில்லை' என்றே சொல்கிறது. பழைய முதுகு நோவை மறைத்து, 'சும்மா போட்டுத் தாங்கோ' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நாம் போடுவதில்லை. பழைய காயம் இருந்தாலும் பயிற்சியால் தேறியவர்கள் இருக்கிறார்கள். மறைத்தவர் படியில் விழுந்தால் கதிரையில் இருக்கும் நோயாளியும் விழுவார்.

பயிற்சியின்போது ஒரு கால் மரத்தால், பாதம் தளர்ந்தால், அரையில் புடைப்புத் தோன்றினால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருளாகலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். முதுகு நோவோடு இரு தொடைக்கும் நடுவே உணர்வு குறைந்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

தேர்வுக்கு முந்திய மூன்று நாளும் பாரம் தூக்காமல் ஓய்வு. அன்று காலை இட்லியோ பாணோ வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வழுக்காத சப்பாத்தோடு போங்கள். எம் மாணவி இரண்டாம் முறை போனபோது பாதி உயர்த்திய ஸ்ட்ரெச்சரில் பிடி சரியில்லை என்று உணர்ந்து, "இறக்குவோம்" என்று துணைவரிடம் உரக்கச் சொல்லி, இறக்கி, மறுபடி எண்ணித் தூக்கினாராம். பரிசோதகர் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு இரவு வண்டியில் போகிறார். சோற்றுப் பொதி கட்டிக் கொடுப்பது தாயார்தான்.