மாளிகைமேட்டு ஓடுகள்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிறது மாளிகைமேடு. உட்கோட்டை, ஆயுதக்களம் என்று சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களே இங்கே ஒரு தலைநகர் இருந்ததைச் சொல்லும். 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. 2021-ல் மறுபடியும் அகழாய்வு தொடங்கியது.

சுவர்களைவிட ஓடுகளைத்தான் நான் நின்று பார்ப்பேன். கூரை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, இரும்பு ஆணிகளோடு. கருங்கல் பீடத்தில் மரத்தூண் நிறுத்தி, மேலே ஓடு வேய்ந்த மாளிகை அது. கூடவே சீனாவிலிருந்து வந்த பீங்கான் துண்டுகளும் அகப்பட்டன. சோழத் தூதர்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீன அரசவைக்குப் போய் வந்த காலம் அது.

நம் ஓடு சிவப்பு. சீனப் பாத்திரங்களில் ஒரு வகை இளம்பச்சை. இரண்டுக்கும் நிறம் தருவது இரும்புதான். நாட்டுச் சூளையில் காற்று தாராளமாகப் புகுந்தால் களிமண்ணில் உள்ள இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு சிவக்கும். சீனக் குயவர்கள் பாத்திரத்தின் மேல் சிறிதளவு இரும்பு கலந்த மெருகைப் பூசி, சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சுட்டார்கள். காற்றைக் குறைத்து உள்ளே புகை சூழ விட்டார்கள். ஆக்சிஜனை இழந்த இரும்பு பச்சை காட்டியது. மெருகில் இரும்பின் அளவு மிகுந்தால் கறுத்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், தீயின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இதைச் செய்தார்கள்!

உடைந்த விளிம்பைப் பாருங்கள். நம் ஓட்டில் சொரசொரப்பும் நுண்துளைகளும் இருக்கும். சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிவிடும். சில துண்டுகளின் நடுவில் கறுப்புப் பட்டை ஓடும். மண்ணிலிருந்த வைக்கோலும் உமியும் முழுக்க எரியுமுன் சூளை அடங்கிவிட்டது என்று அர்த்தம். பீங்கான் விளிம்பு இறுகியிருக்கும், தண்ணீர் வழிந்தோடும்.

இப்படிப்பட்ட பழைய சுடுமண்ணை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. ஜப்பானில் தோக்கோநாமே என்ற குயவர் ஊரில் பழைய ஜாடிகளையும் மண்குழாய்களையும் அடுக்கியே சந்துச் சுவர்களைக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். இங்கேயோ அரண்மனைச் செங்கல்லை வெகுகாலம் தோண்டி எடுத்துப் போனார்கள். மேட்டில் சில்லு கண்ணில் பட்டால் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள்.