2 தறி, 9 நெசவாளர்கள், 5,000 ரூபாய் கடன்... கம்பளத்துக்குப் பின்னால் இருந்த கைகளைத் தேடிப்போன குடும்பம்!

நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையிலோ, சினிமாவில் வரும் பணக்கார வீட்டு ஹாலிலோ தரையில் விரித்திருக்கும் கம்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். மெஷினில் நெய்தது என்றால் சில மணி நேர வேலை. கையால் முடிச்சுப் போட்டு நெய்தது என்றால் கணக்கே வேறு.

சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சுகள் கொண்ட, 8 அடிக்கு 10 அடி கம்பளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தம் 11 லட்சத்து 52 ஆயிரம் முடிச்சுகள் இருக்கும். அத்தனையும் விரலால் போட்டவை. ஒருவர் ஒரு நாளைக்கு 6,000 முடிச்சுகள் போடுவதாக வைத்துக்கொண்டாலும், மூன்று பேர் தினமும் தறியில் உட்கார்ந்து வேலை செய்தால்தான் இரண்டு மாதத்தில் முடியும்.

இத்தனை முடிச்சுகளைப் போட்டவருக்குக் கடைசியில் என்ன மிஞ்சியது? வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கும் உலகம் நீண்ட காலம் கேட்காமலே இருந்த கேள்வி இது. அதைக் கேட்டு, பதிலைத் தேடி, அதையே தொழிலாகவும் மாற்றிய குடும்பம் ஒன்று ராஜஸ்தானில் இருக்கிறது. ‘ஜெய்ப்பூர் ரக்ஸ்’ நிறுவனத்தின் நந்த் கிஷோர் சௌத்ரியும் அவருடைய பிள்ளைகளும்தான் அவர்கள்.

பேங்க் வேலை வேண்டாம்!

ராஜஸ்தானின் பாலைவனப் பகுதியில் இருக்கும் சிறு நகரம் சூரு. அங்கே செருப்புக்கடை வைத்திருந்தவரின் மகன் நந்த் கிஷோர். பட்டப்படிப்பு முடித்ததும் வங்கி வேலை தேடி வந்தது. 1970-களில் பேங்க் வேலை என்றால் எப்படிப்பட்ட விஷயம் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால், அந்த வேலையை வேண்டாம் என்றார் அவர். வீட்டில் ஏமாற்றம்.

1978-ல் அப்பாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். இரண்டு தறிகளை வாங்கி வீட்டிலேயே போட்டார். ஒன்பது நெசவாளர்களோடு தொழில் ஆரம்பமானது.

பிரச்னையும் அங்கேயே ஆரம்பமானது. அந்த நெசவாளர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஊரால் ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை வீட்டுக்குள் அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டவரை அக்கம்பக்கத்தினரும் உறவினர்களும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவரோடு பழகவே தயங்கியவர்களும் உண்டு.

முதல் பாடத்தை நந்த் கிஷோர் அங்கேதான் கற்றார். நெசவாளிக்குக் கூலி குறைவாகக் கிடைப்பதற்குச் சந்தை மட்டும் காரணமல்ல. அவரை யாரும் சமமாக நினைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். மதிப்பு இல்லாத இடத்தில் நியாயமான விலை பேச முடியாது.

நடுவில் நிற்பவர் யார்?

கம்பளத் தொழிலில் காலங்காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. ஏற்றுமதியாளர் நகரத்தில் இருப்பார். நெசவாளி கிராமத்தில் இருப்பார். நடுவில் கான்ட்ராக்டர். நூலைக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான், நெய்ததை வாங்கிப்போவதும் அவர்தான், பணம் கொடுப்பதும் அவர்தான். டிசைன் பிசகிவிட்டது, நூல் வீணாகிவிட்டது என்று கழித்ததுபோக மிச்சம்தான் நெசவாளியின் கைக்கு வரும். முன்பணம் வாங்கியிருந்தால் அதற்கும் பிடித்தம். தான் நெய்த கம்பளம் எந்த நாட்டுக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

இதே தொழிலின் இன்னொரு இருண்ட பக்கம் குழந்தைத் தொழிலாளர்கள். ‘சின்ன விரல்கள்தான் நுணுக்கமாக முடிச்சுப் போடும்’ என்ற பொய்யைச் சொல்லியே வட இந்தியாவின் கம்பளப் பகுதிகளில் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தி இதை எதிர்த்துப் போராடினார். 1994-ல் ‘ரக்மார்க்’ என்ற முத்திரைத் திட்டம் வந்தது. குழந்தைகளின் உழைப்பு இல்லாமல் தயாரான கம்பளத்துக்கு மட்டும் தரப்படும் முத்திரை அது. இன்று அதன் பெயர் ‘குட்வீவ்’.

நந்த் கிஷோர் தேர்ந்தெடுத்தது வேறு வழி. நடுவில் நிற்பவரை அகற்றிவிட்டு, நெசவாளியின் வீட்டு வாசலுக்கே நேராகப் போவது.

வனப்பகுதியில் பத்து வருடம்

1990 வாக்கில் குடும்பத்தோடு குஜராத்துக்குப் போனார். அங்கே பழங்குடி கிராமங்களில் நெசவு கற்றுக்கொடுப்பது அவருடைய திட்டம். வெளியாளை நம்ப கிராமத்தினர் தயங்கினார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று நகரத்தினர் பயமுறுத்தினார்கள். அவர் போனார். ராஜஸ்தானிலிருந்து தேர்ந்த நெசவாளர்களை அழைத்துவந்து பயிற்சி கொடுத்தார். தறி பழகியவர்களின் எண்ணிக்கை சில வருடங்களில் ஆயிரங்களைத் தாண்டியது.

1999-ல் சகோதரரோடு தொழில் பிரிந்தது. ஜெய்ப்பூர் திரும்பி, கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனால், குஜராத்தில் கற்ற முறை கையில் இருந்தது. அது இன்றும் அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு.

முறை இதுதான். கம்பளியின் பெரிய சந்தையான பிகானேரிலிருந்து கம்பளி வருகிறது. கிராமத்துப் பெண்கள் ராட்டையில் நூற்கிறார்கள். நூலுக்குச் சாயம் ஏற்றி, டிசைன் வரைபடத்தோடு நெசவாளியின் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். தறி அவர் வீட்டுத் திண்ணையிலோ கொட்டகையிலோ இருக்கும். பாவு நூலில் முடிச்சைப் போட்டு, மிச்ச நூலைக் கத்தியால் வெட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறார். நெய்து முடித்ததும் கம்பளம் ஜெய்ப்பூருக்குப் போகிறது. அங்கே அலசி, சமமாகக் கத்தரித்து, இழுத்துக் கட்டிக் காயவைக்கிறார்கள். ஒரு கம்பளம் 180 பேரின் கைகளைக் கடந்து வருகிறது என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு.

தறி வீட்டுக்கே வந்ததில் பெரிய லாபம் பெண்களுக்கு. வெளியூர் வேலைக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களில்கூட, வீட்டில் இருந்தபடி சம்பாதிப்பதற்கு எதிர்ப்பு குறைவு. வீடு வீடாகப் போய் டிசைனைச் சரிபார்க்கவும், சந்தேகம் தீர்க்கவும் ‘புன்கர் சகி’ என்ற பெயரில் பெண்களே இருக்கிறார்கள். ‘நெசவுத் தோழி’ என்று பொருள். பிழையை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சில வரிசைகளைப் பிரித்தால் போதும். கடைசியில் கண்டுபிடித்தால் இரண்டு மாத உழைப்பு போச்சு. கான்ட்ராக்டர் ‘கழிக்கும்’ இடத்தில், சகி திருத்துகிறார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இன்று ராஜஸ்தான், குஜராத், உத்தரப்பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களில் சுமார் 600 கிராமங்களில் 40,000 கைவினைஞர்கள் தங்களோடு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றும் நிறுவனம் சொல்கிறது. பயிற்சி, எழுத்தறிவு, உடல்நலம் ஆகியவற்றைக் கவனிக்க 2004-ல் தனியாக ஓர் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது.

கோவைக்காரர் எழுதிய பாடம்

இந்த முறையை உலகப் பாடப்புத்தகத்தில் ஏற்றியவர் ஒரு தமிழர். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மேலாண்மைப் பேராசிரியராகப் புகழ்பெற்ற சி.கே.பிரகலாத். ஏழைகளை உதவி கேட்பவர்களாகப் பார்க்காமல், வாடிக்கையாளர்களாகவும் உற்பத்தியாளர்களாகவும் பாருங்கள் என்று நிறுவனங்களுக்குச் சொன்னவர். அந்தக் கருத்தை முன்வைத்த அவருடைய நூலின் ஐந்தாம் ஆண்டுப் பதிப்பில் ஜெய்ப்பூர் ரக்ஸின் கதை ஓர் ஆய்வாக இடம்பெற்றது. எங்கோ கிராமத்தில் தறியில் இருப்பவரையும் அமெரிக்க வீட்டின் வரவேற்பறையையும் ஒரே சங்கிலியில் இணைக்க முடியும் என்பதற்கு அவருக்குக் கிடைத்த உதாரணம் இது.

வீட்டு அலங்காரத் துணிகளில் இந்தப் பாதைக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1960-ல் ஜான் பிஸ்ஸெல் என்ற அமெரிக்கர் டெல்லியில் தொடங்கிய ‘ஃபேப் இந்தியா’. இன்று நாம் குர்தாக்களுக்காகத் தேடிப்போகும் அந்தக் கடை, கைத்தறித் திரைச்சீலைத் துணிகளையும் விரிப்புகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனமாகத்தான் பிறந்தது.

‘உனக்குப் பிடித்ததை நெய்!’

நந்த் கிஷோரின் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தொழிலுக்கு வந்தார்கள். மகள் ஆஷா அமெரிக்கச் சந்தையைக் கையில் எடுத்தார். மகன் யோகேஷ் விற்பனையையும் பிராண்டையும் வளர்த்தார். டிசைன் படித்த மகள் கவிதா செய்தது எல்லாவற்றையும்விடப் புதுமையானது.

கம்பள நெசவாளி அதுவரை அடுத்தவர் வரைந்த படத்தைப் பார்த்து முடிச்சுப் போடுபவர். நிறம், பூ, கோடு எதிலும் அவருக்குச் சொல் கிடையாது. ‘மன்சாஹா’ என்ற திட்டத்தில் அது தலைகீழானது. ‘மனம் விரும்பியது’ என்று அர்த்தம். மிச்சம் விழுந்த நூல்களைக் கொடுத்து, வரைபடம் எதுவும் தராமல், பிடித்ததை நெய்யச் சொன்னார்கள். வயல், கிணறு, கோலம், வளையல், மயில், கடிகாரம் என்று வாழ்க்கையில் பார்த்ததெல்லாம் தறியில் ஏறியது. ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. நெய்தவரின் பெயரோடும் கதையோடும் அவை விற்பனைக்குப் போயின. பள்ளிக்கூடம் முடிக்காத பெண்கள் நெய்தவை ஜெர்மன் டிசைன் விருது உள்ளிட்ட சர்வதேசப் பரிசுகளை வாங்கிவந்தன. ராஜஸ்தான் சிறைகளில் இருக்கும் கைதிகளுக்கும் இதே வாய்ப்பு கொடுக்கப்பட்டது.

குப்பைக்குப் போகவேண்டிய மிச்ச நூல் காசானது ஒருபக்கம். ‘கூலிக்கு நெய்பவர்’ என்ற நிலையிலிருந்து ‘கலைஞர்’ என்ற நிலைக்கு ஒருவர் நகர்ந்தது அதைவிடப் பெரிய வரவு.

இன்னும் அவிழாத முடிச்சுகள்

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. கைநெசவுக் கம்பளத் தொழில் முழுவதற்கும் பொதுவான சிக்கல்கள் அப்படியே இருக்கின்றன.

வீட்டுத் தறியில் நெய்பவருக்கு வேலையின் அளவுக்குத்தான் கூலி. மாதச் சம்பளமோ, பி.எஃப் போன்ற பாதுகாப்போ பெரும்பாலும் இருக்காது. மணிக்கணக்கில் குனிந்து உட்காருவதால் முதுகும் கண்ணும் பாதிக்கப்படுகின்றன. கம்பளித் தூசு மூச்சுக்குள் போகிறது. சமையல், பிள்ளைகள், மாடு, வயல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் பெண்கள் தறிக்கு வருகிறார்கள். வருமானம் கூடியிருக்கிறது, வீட்டு வேலை குறையவில்லை. அடுத்த தலைமுறைக்கோ தறியைவிட நகரம் கவர்ச்சியாக இருக்கிறது.

போதாததற்கு, இந்தியாவின் கைநெசவுக் கம்பளங்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான். அதிலும் மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா பல இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியபோது கம்பளத் தொழிலே ஆடிப்போனது. வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்து, ராஜஸ்தான் கிராமத்துத் திண்ணையில் இருக்கும் தறியை நிறுத்திவிடும் அபாயம் உண்டு. நல்ல மனசு மட்டும் இருந்தால் தொழில் நிற்காது. உள்ளூரிலும் வாங்குவதற்கு ஆள் வேண்டும்.

அதனால்தான் இந்தக் கதையில் வாங்குபவருக்கும் பங்கு இருக்கிறது. அடுத்தமுறை கம்பளமோ, பவானி ஜமுக்காளமோ வாங்கும்போது விலையோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: ‘இதை நெய்தது யார்?’ பதில் சொல்லத் தெரிந்த கடைகள் பெருகினால், முடிச்சுப் போடும் விரல்களுக்கும் மதிப்பு பெருகும்.

கம்பளம் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்!

* கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டதில், முன்பக்க டிசைன் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் லேசாக ஏறி இறங்கி இருக்கும்.

* பின்பக்கம் துணி வைத்து ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் துணியில் நூலைக் குத்தி ஏற்றிப் பசையால் நிறுத்திய ரகம். விலை குறைவு, ஆயுளும் குறைவு.

* ஓரத்துக் குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலிலிருந்தே நீண்டு வருகிறதா, தனியாகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். தனியாகத் தைத்திருந்தால் மெஷின் ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* குழந்தைத் தொழிலாளர் இல்லை என்பதற்கான ‘குட்வீவ்’ முத்திரை இருந்தால், அதில் தனி எண் அச்சிடப்பட்டிருக்கும்.

* புதுக் கம்பளியில் ஆரம்ப மாதங்களில் பஞ்சு உதிர்வது இயல்பு, பயப்பட வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை திசை மாற்றிப் போட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேயும்.